வான்கோழிக் கட்டிகள்: எந்த வைரஸ் என்று எப்படி முடிவு செய்வது?

12 வார வான்கோழி ஒன்றை அறுத்துப் பார்க்கும்போது மண்ணீரல் பல மடங்கு பருத்து, வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் பளிங்குத் திட்டுகளோடு இருக்கிறது. கல்லீரலும் கொஞ்சம் பெருத்து, கடுகு தூவியதுபோல் வெண்புள்ளிகளோடு காணப்படுகிறது. இதைப் பார்த்தவுடன் பண்ணையாளர் கேட்கும் கேள்வி, இது என்ன நோய், மீதிப் பறவைகளுக்கும் வருமா என்பதுதான். அந்த மேசையில் நின்றபடி நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது. இதே தோற்றத்தைக் குறைந்தது மூன்று கட்டி வைரஸ்கள் உண்டாக்கும். வைரஸே இல்லாத நோய்களும், கட்டியே உண்டாக்காத வைரஸ்களும்கூட உண்டாக்கும்.

அடுத்துப் பலரும் செய்வது ஒரு துண்டு ஈரலை ஆய்வகத்துக்கு அனுப்பி, வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனை கேட்பது. 'பாசிட்டிவ்' என்று தாள் வந்ததும் நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாக முடிவு செய்துவிடுகிறார்கள். தவறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நேர்கிறது. வான்கோழி உடலில் இந்த வைரஸ்கள் நோயே இல்லாமலும் இருக்கக்கூடியவை. பறவைக்குள் வைரஸ் இருக்கிறதா என்று தெரிந்தால் போதாது. அந்தக் கட்டியின் செல்களுக்குள் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

மூன்று சந்தேக நபர்கள்

முதலாவது வான்கோழிகளின் லிம்போ பெருக்க நோய். சுருக்கமாக எல்.பி.டி. என்பார்கள். இது ரெட்ரோவைரஸ் வகை, அதாவது தன் மரபணுவைப் பறவைச் செல்லின் மரபணுவுக்குள் செருகிவிடும் வைரஸ். கோழிகளின் லூக்கோசிஸ் வைரஸுக்கு உறவு. 1972-ல் பிரிட்டனில் முதலில் அடையாளம் காணப்பட்டது. பிறகு இஸ்ரேலின் வான்கோழிப் பண்ணைகளில் பெரிய தலைவலியாக இருந்தது. 7 முதல் 18 வாரப் பறவைகளைத் தாக்கும். மோசமான தொகுதியில் ஐந்தில் ஒரு பங்கு வரை செத்திருக்கின்றன. பெரும்பாலும் முன் அறிகுறி எதுவும் இருக்காது, பறவை திடீரென்று செத்துக் கிடக்கும்.

இரண்டாவது ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ் வைரஸ், அதாவது ஆர்.இ.வி. இதுவும் ரெட்ரோவைரஸ்தான், ஆனால் வேறு கிளை. இதன் மூல விகாரமே (விகாரம் என்பது ஒரு வைரஸின் உள்வகை) 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கட்டி கண்ட வான்கோழியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதுதான். பண்ணையில் இதனால் வரும் கட்டிகள் 15 முதல் 20 வாரத்தில் தலைகாட்டும். கல்லீரல் மூன்று நான்கு மடங்கு பெருக்கும். குடலைச் சுற்றி வளையம்போல் தடித்த கட்டிகள் வருவதும் உண்டு.

மூன்றாவது மேரக்ஸ், ஒரு ஹெர்பிஸ் வைரஸ் உண்டாக்கும் நோய். இது கோழி நோய்தானே என்று ஒதுக்கிவிடக் கூடாது. பிரான்ஸ், ஜெர்மனி, இஸ்ரேல் ஆகிய நாடுகளில் வணிக வான்கோழிக் கூட்டங்களில் 8 முதல் 17 வாரத்துக்குள் 40 முதல் 80 சதவீதம் வரை செத்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அவற்றில் சில பண்ணைகள் பிராய்லர் கொட்டகைகளுக்கு அருகில் இருந்தவை. மேரக்ஸ் வைரஸ் இறகு வேர்களிலிருந்து உதிரும் தூசியில் பரவுவது. தமிழ்நாட்டில் நாட்டுக்கோழியும் வான்கோழியும் ஒரே முற்றத்தில் மேய்வது சாதாரணம் என்பதால், நம் ஊர்க்காரர்கள் மறக்கக்கூடாத பெயர் இது.

கோழியில் வழக்கமான லிம்பாய்டு லூக்கோசிஸ் (லூக்கோசிஸ் வைரஸ் தரும் கட்டி நோய்) வான்கோழியில் அரிது. பட்டியலில் கடைசியில் வைத்தால் போதும்.

கத்தி எடுக்கும் முன்பு

செத்து ஆறேழு மணி நேரம் வெயிலில் கிடந்த பறவை இந்த வேலைக்கு உதவாது. கல்லீரலும் மண்ணீரலும்தான் முதலில் அழுகும். நுண்ணோக்கியில் செல்லின் வடிவமே தெரியாமல் போய்விடும். சோர்ந்து ஒதுங்கி நிற்கும் உயிருள்ள பறவைகள் மூன்று முதல் ஐந்து வரை தேர்ந்தெடுத்து, கால்நடை மருத்துவர் முறைப்படி கருணைக்கொலை செய்து உடனே அறுப்பதே சரி. அதே கொட்டகையிலிருந்து, பார்வைக்கு நலமாக இருக்கும் இரண்டு பறவைகளின் இரத்தமும் வேண்டும். இது ஏன் என்பது பின்னால் புரியும்.

கையுறையும் என்95 முகக்கவசமும் கட்டாயம். கட்டி வைரஸ்கள் மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படவில்லை. ஆனால் வான்கோழியில் மண்ணீரல் பருக்கும் நோய்களில் கிளமைடியா என்ற பாக்டீரியா தருவதும் ஒன்று. அதன் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நிமோனியா வந்திருக்கிறது. பறவையின் இறகுகளைக் கிருமிநாசினி கலந்த நீரில் முழுக்க நனைத்த பிறகே தோலை உரிக்க வேண்டும்.

வயது, எந்தப் பொரிப்பகக் குஞ்சு, என்னென்ன தடுப்பூசி, எந்த நாளில் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பாகக் கோழி அம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறதா, மேரக்ஸ் தடுப்பூசி ஏதாவது போட்டிருக்கிறதா என்பது. இந்த இரண்டு தகவலும் இல்லாமல் பி.சி.ஆர். முடிவைப் படிக்க முடியாது.

கண்ணால் பார்ப்பது எவ்வளவு தூரம் உதவும்

மண்ணீரல், கல்லீரல், கழுத்தோரம் இரு பக்கமும் நீளும் தைமஸ், ஆசனவாய்க்கு மேலே இருக்கும் ஃபேப்ரீசியஸ் பை, சிறுநீரகம், கணையம், நுரையீரல், இதயம், குடல் முழுதும், இருபுறத் தொடை நரம்பு என எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பருத்த மண்ணீரலோடு தைமஸும் பருத்திருந்தால் எல்.பி.டி. சந்தேகம் வலுக்கும். வளர்ச்சி குன்றி, தைமஸும் ஃபேப்ரீசியஸ் பையும் சுருங்கிய பறவைகள் அதே கூட்டத்தில் இருந்தால் ஆர்.இ.வி. பக்கம் சாயலாம். இவை சாய்வுகள் மட்டுமே. தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோழிப் பண்ணையில் பழகியவர்கள் ஒரு விதியை மனதில் வைத்திருப்பார்கள்: தொடை நரம்பு தடித்திருந்தால் மேரக்ஸ், தடிக்கவில்லை என்றால் வேறு. வான்கோழியில் இந்த விதி செல்லாது. மேரக்ஸ் கண்ட வான்கோழிகளில் பெரும்பாலும் நரம்பு இயல்பாகவே இருக்கும். மாறாக, ஆர்.இ.வி.யில் நரம்பு தடிக்கலாம்.

கட்டி என்று ஏமாற்றுபவை ஏராளம். 6 முதல் 12 வார வான்கோழியில் பருத்துப் பளிங்குத் திட்டுகளோடு தெரியும் மண்ணீரலுக்கு மிகச் சாதாரணமான காரணம் கட்டி வைரஸ் அல்ல, இரத்தக் குடலழற்சி. அது ஒரு அடினோவைரஸால் வருவது. குடலில் இரத்தம் இருக்கும், சாவு சில நாட்களில் எழுந்து அடங்கிவிடும். நுண்ணோக்கியில் மண்ணீரல் செல்களின் உட்கருவுக்குள் வைரஸ் திரள் தெரியும். எல்.பி.டி. என்று பயந்து அனுப்பும் மண்ணீரல்களில் இதைத்தான் முதலில் ஒதுக்கிவிட வேண்டும்.

கருந்தலை நோயில் கல்லீரலில் நடுவில் குழிந்த வட்டப் புண்கள் இருக்கும். கூடவே இரண்டு குருட்டுக்குடல்களும் கெட்டியான சீழ்க்கட்டையால் அடைத்திருக்கும். பறவைக் காசநோயில் கல்லீரல், மண்ணீரல், குடல் என முடிச்சுகள் இருக்கும். வெட்டினால் உள்ளே தயிர்போன்ற மாவுப்பொருள் தெரியும். கட்டி அப்படி இருக்காது. அது ஒரே சீராக, வழவழப்பாக, சாம்பல் கலந்த வெண்மையாக இருக்கும். ஈ.கோலை முடிச்சும், நுரையீரல் பூஞ்சை முடிச்சும், கோழிக் காலராவின் ஈரல் புள்ளிகளும் இதே குழப்பத்தைத் தரும். வெட்டிய முகத்தைப் பார்க்காமல் எந்த முடிச்சையும் கட்டி என்று எழுதக் கூடாது.

மேசையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. புதிதாக வெட்டிய கட்டி முகத்தை வடிதாளில் ஒற்றி இரத்தத்தை எடுத்துவிட்டு, சுத்தமான நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டில் மெதுவாக இரண்டு மூன்று இடங்களில் தொட்டு எடுங்கள். தேய்க்க வேண்டாம், செல்கள் நசுங்கும். காற்றில் உலர்ந்ததும் மெத்தனாலில் நிலைநிறுத்தி ஜீம்சா சாயம் ஏற்றினால் சற்று நேரத்திலேயே இது லிம்போசைட் (ஒரு வகை வெள்ளணு) கூட்டமா, சீழ்ச் செல்களா என்று தெரிந்துவிடும். ஒரு தகட்டுக்குக் காசநோய்க் கிருமியைக் காட்டும் ஆசிட் ஃபாஸ்ட் சாயம் ஏற்றினால் காசநோயும் அங்கேயே விலகும் அல்லது பிடிபடும்.

மாதிரி எடுக்கும் முறை

ஒவ்வொரு பறவையிலிருந்தும் மாதிரிகள் மூன்று வழிகளில் பிரிய வேண்டும். நுண்ணோக்கிக்குப் போவது 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில். துண்டின் தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, திசுவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். முழு மண்ணீரலை ஒரு சிறு புட்டியில் திணித்து அனுப்பினால் வெளிப்புறம் பதப்பட்டு உள்புறம் அழுகிவிடும். கட்டியும் இயல்பான திசுவும் சேரும் விளிம்பை வெட்டுங்கள். கட்டி எப்படிப் பரவுகிறது என்பதை அந்த விளிம்புதான் காட்டும். ஃபார்மலின் புட்டியை ஐஸ்பெட்டியில் உறைய விட்டுவிடாதீர்கள். உறைந்த திசுவில் செல்கள் கிழிந்துவிடும்.

மூலக்கூறு சோதனைக்குப் போவது ஃபார்மலின் தொடாத திசு. கட்டியிலிருந்து ஒரு துண்டு, அதே பறவையில் கட்டி இல்லாத தசையிலிருந்து ஒரு துண்டு, தனித்தனிக் குழாய்களில். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தி மாற்ற வேண்டும், அல்லது ஆல்கஹாலில் துடைத்துத் தீயில் காட்ட வேண்டும். ஒரே கத்தியால் ஐந்து பறவையை வெட்டினால் ஐந்தும் பாசிட்டிவ் ஆகிவிடும். எல்.பி.டி.க்கு எலும்பு மஜ்ஜை மிக நல்ல மாதிரி. கால் எலும்பை உடைத்து எடுத்துக்கொள்ளலாம். இரத்தத்தை இ.டி.டி.ஏ. குழாயில் எடுங்கள். ஹெபாரின் குழாய் வேண்டாம், அது பி.சி.ஆரைத் தடுக்கும். மேரக்ஸுக்கு இறகு நுனிகளும் போதும். சதைப்பிடிப்போடு வளரும் இறகு ஐந்தாறு பிடுங்கினால் பறவையைக் கொல்லாமலே சோதிக்கலாம்.

வைரஸை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் மூன்றும் மூன்று விதம். ஆர்.இ.வி. கோழிக் கருவின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களில் வளரும். ஆனால் செல்களில் சிதைவு எதுவும் தெரியாது என்பதால் ஒளிரும் எதிர்ப்பொருளால்தான் (ஆன்டிபாடி) கண்டுபிடிக்க முடியும். மேரக்ஸ் வைரஸ் உயிருள்ள செல்லோடு ஒட்டியே வாழ்வது. வெள்ளணுக்களை உறைகாப்புத் திரவம் சேர்க்காமல் உறைய வைத்தால் செல் சாகும், வைரஸும் போய்விடும். எல்.பி.டி. வைரஸை ஆய்வகச் செல்களில் வளர்க்க வழக்கமான முறையே கிடையாது. அதற்கு மரபணுச் சோதனை ஒன்றுதான் கதி.

நுண்ணோக்கி என்ன சொல்லும்

நோய்க்கூறு நிபுணர் முதலில் பார்ப்பது செல்கள் ஒரே அச்சா, பல அளவா என்பது. மேரக்ஸ் கட்டியில் சிறிய, நடுத்தர, பெரிய லிம்போசைட்டுகள் கலந்திருக்கும். அவை டி செல்கள். ஆர்.இ.வி. கட்டியில் பெரிய, இளம், வெளிறிய உட்கருவுள்ள செல்கள் சீராக நிறைந்திருக்கும். எல்.பி.டி.யில் லிம்போசைட், அதன் இளம் வடிவம், ரெட்டிகுலம் செல், பிளாஸ்மா செல் என்று ஒரு கலவை. எல்.பி.டி.யும் மேரக்ஸும் இரண்டும் கலவைதான் என்பதால் வெறும் சாயத்தில் அவற்றைப் பிரிப்பது கடினம், அனுபவமுள்ளவரும் தயங்குவார். இங்கே இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, அதாவது குறிப்பிட்ட புரதத்தை எதிர்ப்பொருளால் சாயமேற்றிக் காட்டும் முறை, கைகொடுக்கும். மேரக்ஸ் வைரஸின் புற்றுப் புரதமான மெக், கட்டிச் செல்களின் உட்கருவிலேயே சாயமேறித் தெரிந்தால் வாதம் முடிந்தது.

பி.சி.ஆர்.: பாசிட்டிவ் என்ற சொல்லுக்குப் பின்னால்

அமெரிக்காவில் 2009-ல் காட்டு வான்கோழிகளில் எல்.பி.டி. வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு நடந்த ஒரு பெரிய ஆய்வில், கிழக்கு மாநிலங்களின் 1,164 காட்டு வான்கோழிகளைச் சோதித்தபோது 47 சதவீதத்தில் வைரஸின் மரபணு இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை வேட்டையில் கிடைத்த, நலமாகத் திரிந்த பறவைகள். பாதிப் பறவைகள் வைரஸைச் சுமந்தபடி கட்டி இல்லாமல் வாழ்கின்றன. அங்கே தலையிலும் காலிலும் முடிச்சு கண்ட பறவைகளில்கூட, பல முடிச்சுகள் அம்மை நோயினால் வந்தவை, எல்.பி.டி. பாசிட்டிவ் என்பது உடன் இருந்த ஒன்று மட்டுமே. நலமான பறவையின் இரத்தத்தையும் அனுப்பச் சொன்னது இதனால்தான். கொட்டகை முழுதுமே பாசிட்டிவ் என்றால், சீக்குப் பறவையின் பாசிட்டிவுக்கு மதிப்பு குறைவு. ஒரு ஆறுதல்: வான்கோழியின் பரம்பரை மரபணுவில் எல்.பி.டி. வைரஸின் பகுதி கிடையாது. எனவே பாசிட்டிவ் வந்தால் அது உண்மையான தொற்றுதான், பிறவியிலேயே வந்த எச்சம் அல்ல.

ஆர்.இ.வி.யில் சிக்கல் வேறு. கோழி அம்மை வைரஸ் எப்போதோ ஆர்.இ.வி.யின் மரபணுவைத் தனக்குள் செருகிக்கொண்டுவிட்டது. பண்ணைகளில் சுற்றும் அம்மை விகாரங்கள் பலவற்றில் ஏறக்குறைய முழு ஆர்.இ.வி.யும் உட்கார்ந்திருக்கிறது, தடுப்பூசி விகாரங்களில் பெரும்பாலும் அதன் இரு முனைகளிலும் வரும் நீள்தொடர் (எல்.டி.ஆர்.) மட்டும் மிச்சமாக இருக்கும். நெடுங்காலமாகப் பயன்படும் ஆர்.இ.வி. பி.சி.ஆர். இந்த முனைத்தொடரில் 291 இணைகள் கொண்ட துண்டைத்தான் பெருக்குகிறது. அம்மைத் தடுப்பூசி போட்ட பறவையின் தோல் துண்டில் அது பாசிட்டிவ் காட்டும், ஆர்.இ.வி. நோய் துளியும் இல்லாவிட்டாலும். ஆய்வகத்திடம் உறைப் புரத மரபணுவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் பாசிட்டிவாக வந்து, பறவைக்கு அம்மைப் புண்ணும் இருந்தால், அம்மை வைரஸின் மரபணுவையும் சோதித்த பிறகே பேச வேண்டும்.

மேரக்ஸில் வழிமறிப்பது வான்கோழியின் சொந்த ஹெர்பிஸ் வைரஸ், ஹெச்.வி.டி. 1970 வாக்கில் நலமான வான்கோழிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, உலகெங்கும் கோழிகளுக்கு மேரக்ஸ் தடுப்பூசியாக ஆனது இதுதான். வான்கோழிக் கூட்டங்களில் இது எங்கும் இருக்கும், எந்தத் தீங்கும் செய்யாது. மேரக்ஸ் குடும்பத்தின் பொதுப் பகுதியைத் தேடும் பி.சி.ஆர். இதையும் பிடித்துக் காட்டும். தேட வேண்டியது மெக் மரபணுவை, அது ஹெச்.வி.டி.யில் இல்லை. ஆனால் மேரக்ஸ் வைரஸின் வீரியம் குறைந்த விகாரத்தால் ஆன ரிஸ்பென்ஸ் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த விகாரத்திலும் மெக் உண்டு என்பதால், தடுப்பூசி விகாரத்தையும் வெளி விகாரத்தையும் பிரிக்கும் தனிச் சோதனை தேவைப்படும்.

எண்ணிக்கையே முடிவைச் சொல்லும்

ரெட்ரோவைரஸ் ஒரு செல்லைப் புற்றாக்கும்போது அந்தச் செல்லின் மரபணுவுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. அந்தச் செல் பெருகிப் பெருகித்தான் கட்டி ஆகிறது. ஆகவே கட்டியின் ஒவ்வொரு செல்லிலும் வைரஸின் ஒரு நகலாவது இருக்க வேண்டும். இதை அளவுப் பி.சி.ஆரால் எண்ணிவிடலாம். பறவையின் சொந்த மரபணு ஒன்றை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறோம். அது ஒரு செல்லுக்கு இரண்டு நகல். கட்டித் திசுவில் 20,000 ஒப்பீட்டு நகல் இருந்தால் அங்கே 10,000 செல்கள். வைரஸ் நகல் 8,000 அல்லது 12,000 என்றால், இடையில் கலந்திருக்கும் இயல்பான செல்களைக் கழித்துப் பார்த்தாலும், கதை பொருந்துகிறது. வைரஸ் நகல் வெறும் 10 என்றால் ஆயிரத்தில் ஒரு செல்லில்தான் அது இருக்கிறது. அந்தக் கட்டிக்கு அது காரணம் அல்ல. வழியில் வந்த பயணி.

ஆய்வகம் சிடி எண்ணை (எத்தனை பெருக்கச் சுற்றில் வைரஸ் தென்பட்டது என்ற எண்) மட்டும் தந்தாலும் கட்டியையும் தசையையும் ஒப்பிடலாம். ஒவ்வொரு சிடி குறைவும் ஏறக்குறைய இரட்டிப்பு. கட்டியில் 18, தசையில் 30 என்றால் வித்தியாசம் 12. அதாவது கட்டியில் சுமார் 4,000 மடங்கு அதிகம். இரண்டிலும் 29, 30 என்று வந்தால் அந்த வைரஸை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள். இஸ்ரேலில் செய்யப்பட்ட ஆய்வுகள் ஒரே கூட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி வைரஸ்களைக் கண்டிருக்கின்றன. ஆகவே ஒன்று பாசிட்டிவ் வந்ததும் மற்றதைச் சோதிக்காமல் நிறுத்துவது சரியல்ல.

எலிசாவை நம்பலாமா

ஆர்.இ.வி.க்கு, இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் எலிசா சோதனை கிடைக்கிறது, மலிவு, நூறு பறவையை ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் கட்டி கண்ட பறவைக்கு அதைச் செய்வது வீண். கருவிலோ முதல் நாளிலோ தொற்றிய குஞ்சு அந்த வைரஸை அயலானாகவே கருதுவதில்லை. வாழ்நாள் முழுக்க இரத்தத்தில் வைரஸ் ஓடும், எதிர்ப்பொருள் பூஜ்யம். பிற்பாடு தொற்றிய பறவையோ எதிர்ப்பொருளை உண்டாக்கி வைரஸை விரட்டிவிடும், கட்டியும் பெரும்பாலும் வராது. ஆக, ஆபத்தான பறவை நெகட்டிவ், தப்பித்த பறவை பாசிட்டிவ். எலிசாவின் இடம் கூட்டத்தைக் கண்காணிப்பதில் இருக்கிறது, தனிப் பறவையின் நோயை முடிவு செய்வதில் இல்லை.

முடிவு வந்த பிறகு

மூன்றுக்கும் சிகிச்சை கிடையாது. எல்.பி.டி.க்கும் ஆர்.இ.வி.க்கும் தடுப்பூசியும் இல்லை. பெயர் தெரிந்து என்ன பயன் என்றால், அடுத்த தொகுதிக்கு என்ன செய்வது என்பது பெயருக்குப் பெயர் மாறும். மேரக்ஸ் என்றால் கோழிக் கொட்டகையோடு உள்ள தொடர்பை அறுக்க வேண்டும், ஆழ்கூளத்தை முழுக்க அள்ளிவிட்டுத் தூசி இல்லாமல் கழுவி இடைவெளி விட வேண்டும். வான்கோழிக்கு ஹெச்.வி.டி. தடுப்பூசியை நம்ப முடியாது. ரிஸ்பென்ஸ் பற்றி மருத்துவரோடு பேசலாம். ஆர்.இ.வி. என்றால் மூன்று வழிகளையும் பார்க்க வேண்டும்: தாய்ப்பறவையிலிருந்து முட்டை வழியாக, கொசு போன்ற பூச்சிகளின் வழியாக, அசுத்தமான தடுப்பூசி வழியாக. மூன்றாவது வெறும் கற்பனை இல்லை. 1970-களில் ஜப்பானில் மேரக்ஸ் தடுப்பூசியிலேயே ஆர்.இ.வி. கலந்து கோழிகள் பாதிக்கப்பட்டன. போட்ட தடுப்பூசியின் பேட்ச் எண்ணையும், முடிந்தால் ஒரு குப்பியையும் எடுத்து வைத்திருந்தால் அதையும் சோதிக்கலாம். எல்.பி.டி. என்றால் காட்டு வான்கோழி இருக்கும் நாடுகளில் அவற்றைப் பண்ணைக்குள் விடாமல் தடுப்பது முதல் வேலை.

தாய்ப்பறவைக் கூட்டத்தை வைத்துக்கொள்ளலாமா என்பதை ஒரு சோதனையால் முடிவு செய்யாதீர்கள். எதிர்ப்பொருளும் வைரஸும் இரண்டும் பார்க்க வேண்டும். எலிசா நெகட்டிவ், இரத்தத்தில் வைரஸ் பாசிட்டிவ் என்று வரும் பெட்டையின் முட்டையைத்தான் பொரிப்பகத்துக்கு அனுப்பக் கூடாது.